ஜாமீனில் போன முன்சீப்

போன செவ்வாய்க்கிழமை ஹார்பர் கேட்டில் நான் செத்துப்போனேன்.

பதற வேண்டாம். பத்திராதிபருக்கு அனுதாபக் கடிதம் எழுதவும் வேண்டாம்… இதை எழுதுகிற கை என் கைதான். ஆனால் அதை அன்றைக்கு நிரூபிக்க நான் பட்ட பாடு இருக்கிறதே, அதைத்தான் இந்த வாரம் சொல்ல வேண்டும்.

உத்தியோகத்தில் இருக்கிற ஜட்ஜுகளுக்கும், உத்தியோகத்தை விட்டு இறங்கிய ஜட்ஜுகளுக்கும் சர்க்காரில் அடையாள அட்டை கொடுக்கிறார்கள். கனமான அட்டை. ஒரு பக்கம் போட்டோ, அதன்மேல் பாதி ஏறிய முத்திரை. மறுபக்கம், இன்னார் இன்ன உத்தியோகம் பார்த்தவர் என்று இங்கிலீஷில் நாலு வரி. ரிடயர்டு முன்சீப் என்ற ஹோதாவில் எனக்கும் ஒன்று வந்தது.

உத்தியோகத்தில் இருப்பவருக்கு அட்டை எதற்கு? அவருக்கு முன்னால்தான் டவாலி போட்ட சேவகன் 'உஸ்… உஸ்…' என்று வழி விலக்கிக்கொண்டு போகிறானே! அட்டை வேண்டியவன் என்னைப் போன்றவன். பென்ஷனான மறுநாளே நான் குடியிருக்கிற காலடிப்பேட்டையில் என்னை யாருக்கும் தெரியவில்லை. கத்தரிக்காய்க்காரி, "ஓரமா நில்லு நைனா" என்கிறாள்.

ஆகவே அட்டை வந்த புதிதில் நான் அடித்த கூத்தை என் மனைவி வாயால் கேட்க வேண்டும். பால்காரனிடம் காட்டினேன். தபால்காரனிடம் காட்டினேன் — அதைக் கொண்டுவந்து கொடுத்ததே அவன்தான்! டிராம் கண்டக்டரிடமும் நீட்டினேன். அவர் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஷோக்கா கீது. டிக்கெட்டு எங்க?" என்றார்.

அந்தப் போட்டோவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும்.

மூலக்கொத்தளம் மயானத்துக்குப் போகிற வழியில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது. அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுப் பெரியவர் காலமானால், பாடையில் ஏற்றுவதற்கு முன் நாற்காலியில் உட்கார வைத்து, தலைப்பாகை கட்டி, ஒரு படம் பிடித்துவிடுவார்கள். உயிரோடு இருக்கும்போது பிடித்தால் ஆயுசு குறையுமாம்! நம் போட்டோகிராபருக்கு முக்கால்வாசி வேலை அதுதான் என்று எனக்கு அப்போது தெரியாது.

மனுஷன் எனக்குத் தலைப்பாகை கட்டினார். என் கையை எடுத்து மடியில் வைத்தார். முகவாயைப் பிடித்து நிமிர்த்தினார். பேச்சே கிடையாது. வெளிச்சத்துக்கு மருந்தைக் கொளுத்தினார்… பளீர்! நான் கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளும்படி அவர் சொல்லவே இல்லை. பாவம், அவருடைய வாடிக்கைக்காரர்களிடம் அதைச் சொல்லிப் பழக்கமில்லை.

"இதைப் பார்த்தாலே பயமா இருக்கு. வேற எடுத்து அனுப்புங்க" என்றாள் மனைவி. நான் கேட்டேனா? கண் மூடியிருப்பது தியானத்தில் இருப்பதுபோல் கம்பீரமாக இருக்கிறது என்று எனக்கு எண்ணம். அதையே அனுப்பினேன்.

இந்த நிலையில்தான் ரங்கூன் கப்பல் வந்தது. அதில் என் மகள் ராஜம், தலைப்பிரசவத்துக்கு வருகிறாள். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை. தெரிந்த குடும்பம் ஒன்றின் துணையோடு அனுப்பியிருந்தார். கல்யாணமாகிக் கப்பலேறிப் போன பெண்ணை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

கப்பலடிக்குப் போக வேண்டுமென்றால் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜன்னலில் சீட்டு வாங்க வேண்டும். நீளமான வரிசை. "வரிசையில நின்னு சீட்டு வாங்கிக்கோங்க, ஜம்பம் வேண்டாம்" என்று மனைவி சொல்லித்தான் அனுப்பினாள். ஒரு முன்சீப் வரிசையில் நிற்பதா? அதுவும் சட்டைப்பையில் அட்டையை வைத்துக்கொண்டு? ஜட்கா வண்டியிலேயே சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்த்தேன். கப்பலைக் கட்டினார்கள். சீட்டு ஜன்னலை மூடினார்கள். அதன் பிறகுதான் நான் கம்பீரமாக இறங்கினேன்.

அதற்குள் அந்தத் துணைக்கு வந்த குடும்பமே வெளியே வந்துவிட்டது. அந்த அம்மாள் என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாள்.

"மாமா, சீக்கிரம் உள்ளே போங்க! ராஜம் பெட்டி மேல உக்காந்திருக்கா. வழியெல்லாம் வாந்தி. எழுந்தா கண்ணை இருட்டுதாம். எங்களுக்கு ரயிலுக்கு நேரமாச்சு மாமா…"

கேட்டை நோக்கி விரைந்தேன். நிறைமாதக்காரி, வெயிலில், தன்னந்தனியாக.

கேட்டில் காவலுக்கு ராயபுரத்து ஜமேதார் ஒருவர், தாடி நரைத்த பாய். அட்டையை நீட்டினேன். அவர் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"இன்னா நைனா இது? மௌத்தானவரு படம்!"

"உயிரோடதானேய்யா நிக்கறேன்! நான்தான் அது!"

"எத்தினி பாத்துகீறேன். எங்க தெருவுல நாற்காலில குந்தவச்சி இப்டித்தான் புடிப்பாங்க. மௌத்தான மனுசன் கார்டை எடுத்தாந்து எங்கிட்டயே காட்றியா? தப்பு நைனா. அந்த வூட்டுல குடுத்துடு."

"யோவ், நான் முன்சீப்!"

"இருந்தாரு போல. அல்லா அவருக்கு நல்லது பண்ணட்டும்."

என்ன செய்வது? தலைப்பாகை இல்லாத மொட்டைத் தலையோடு நிற்கிறேன். கண்ணை மூடிக் காட்டினேன். முகவாயை நிமிர்த்திக் காட்டினேன். பின்னால் நின்ற வண்டிக்காரர்கள் சிரித்தார்கள். கடைசியில் கெஞ்சவே ஆரம்பித்தேன். "உள்ளே என் பொண்ணு இருக்கா ஜமேதார், மயக்கமா கிடக்கறா…" கையைக் கூப்பினேன். அவருக்கும் மனசு இளகியது, முகத்தில் தெரிந்தது. ஆனால் சீட்டில்லாமல் விட்டால் அவர் வேலை போய்விடும்.

மதில் ஓரத்தில் நிலக்கரி சுமக்கிறவர்கள் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு ஆள் எழுந்து வந்தார். தலை முதல் கால் வரை கரி.

"இன்னா பாய் பேஜாரு?"

ஜமேதார் அட்டையைக் காட்டினார். அந்த ஆள் பார்த்ததுதான் தாமதம், பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"அட, இது ஐயாதான் பாய்! எர்ணாவூர்ல எனக்கும் எங்க அண்ணனுக்கும் தென்ன மரத்துக்கு வழக்கு. எங்க வக்கீலு பேசறப்ப இவரு கோர்ட்டுல அப்டியே இப்டித்தான் குந்திகினு இருந்தாரு!"

"கண்ண மூடிகினா?"

"ஆமா பாய். எங்க அண்ணன் வக்கீலு மேசைய தட்டித் தட்டிப் பேசுவாரு. அவுரு பேசறப்பதான் இவருக்கு முழிப்பு வரும். வழக்குல தோத்துட்டேன்."

வண்டிக்காரர்கள் மறுபடி சிரித்தார்கள். நான் தூங்கியதே இல்லை என்று மறுக்கலாம். சொன்னால் உள்ளே போக முடியாதே! "ஆமாம், ஆமாம், அது நான்தான்" என்று தலையை ஆட்டினேன்.

ஜமேதாருக்கு இன்னும் தயக்கம். "உள்ள போயி எதுனா ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

அந்த ஆள் கழுத்துக் கயிற்றில் தொங்கிய பித்தளைப் பில்லையை அவிழ்த்தார். நம்பர் அடித்த பில்லை. அதைக் காட்டினால்தான் மத்தியான வேலைக்கு உள்ளே விடுவார்கள். இல்லாவிட்டால் அரை நாள் கூலி போச்சு.

"நான் ஜாமீன். இத்த வச்சிக்கோ. ஐயா பொண்ணோட வந்தப்புறம் குடு, போதும்."

நான் ஓடினேன். இந்த வயசில் அப்படி ஓடியதில்லை.

ராஜம் டிரங்குப் பெட்டி மேல் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்து, பாதி ஆளாகிப் போயிருந்தாள். "ஏன்ப்பா இவ்வளவு நேரம்?" என்று கேட்டுவிட்டு என் தோளில் சாய்ந்து அழுதாள். நானும் அழுதேன். சொல்ல எனக்கு வெட்கமில்லை. கூலி ஆளிடம் பெட்டியைக் கொடுத்துவிட்டு, அவளை அணைத்துப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல நடத்தி வந்தேன். பாதி வழியில் மத்தியான வேலைக்கு மணி அடித்தது. நிலக்கரி ஆட்கள் எங்களைத் தாண்டி உள்ளே ஓடினார்கள்.

கேட்டில் அந்த ஒரு ஆள் மட்டும் நின்றுகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும், "வந்துட்டாங்க பாய், குடு குடு!" என்று பில்லையைப் பிடுங்கிக்கொண்டு பறந்தார். கூட்டத்தோடு கலந்துவிட்டார். அத்தனை பேரும் ஒரே கரி. எது அவர் முதுகு என்று எனக்குத் தெரியவில்லை.

ஜட்காவில் ஏறி உட்கார்ந்ததும் ராஜம் நடந்ததையெல்லாம் கேட்டாள். சொன்னேன். அந்த நிலைமையிலும் சிரித்தாள். பிறகு கேட்டாள்:

"நல்ல மனுஷன்ப்பா. அவர் பேர் என்ன?"

முப்பது வருஷம் கூண்டில் ஏறிய ஒவ்வொருவரிடமும் நான் முதலில் கேட்ட கேள்வி அதுதான். எனக்கு ஜாமீன் நின்றவரிடம் கேட்கவில்லை.