யாரும் கூப்பிடாத ஃபைல்

எங்கள் ஊர் உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகிற வழியில் இருக்கிறது. அங்கே பெரிய வீட்டிலிருந்து அப்பாவை ஏர் ஓட்டக் கூப்பிட்டால் அப்பா மட்டும் போனால் போதாது. அம்மா மாட்டுக் கொட்டகைக்கு, நான் கன்றுக்குட்டிகளுக்குப் பின்னால். கூப்பிட்டது ஒருவரை, போக வேண்டியது குடும்பம். கூலி மட்டும் ஒருவருக்கு.

அந்த வீட்டு மகன், ஊரார் வாயில் சின்னவர், அவர்தான் எண்பதுகளில் மெட்ராஸ் கம்பெனி ஒன்றில் எனக்கு சீனியர். நான் டிப்ளமோ முடித்ததும் சிபாரிசு செய்து அங்கே சேர்த்துவிட்டவரும் அவரே. அதை ஒரு நாளும் மறக்க விடமாட்டார். யார் வந்தாலும் என் முதுகில் தட்டி, "நம்ம ஊரு ஆளு. நான் இட்டாந்தது" என்பார், ஏதோ சந்தையில் மாடு பிடித்து வந்த மாதிரி.

கம்பெனி பள்ளிக்கூடங்களுக்குச் சின்ன கம்ப்யூட்டர் செய்து விற்றது. அதற்கென்று சொந்தமாக ஒரு மொழி. திரையில் எழுத, கூட்ட, கழிக்க என்று தயாராக எழுதி வைத்த ஃபைல்கள் அதோடு வரும், லைப்ரரி என்போம். பிள்ளைகள் எழுதும் புரோகிராம் எந்த ஃபைலைக் கூப்பிடுகிறதோ அது மெஷினுக்குள் ஏறும். அது வேறொன்றைக் கூப்பிட்டால் அதுவும் ஏறும். திரையில் எழுதும் ஃபைல் என்னுடையது. ஆனால் லைப்ரரியில் எல்லா ஃபைலும் சீனியரின் ஃபைல் ஒன்றைக் கூப்பிட்டே ஆக வேண்டும். அது அவர் போட்ட சட்டம். அதன் முதல் வரியில் அவர் பெயர்.

ஒரு நாள் ஒரு வாத்தியார் மெஷினையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். ஒரு பிள்ளை தன் பெயரைத் திரையில் காட்ட நாலு வரி எழுதியிருக்கிறது. மெஷினில் இடம் போதவில்லை. முதலாளி என்னைப் பார்த்தார். சீனியர் சிரித்தார்.

"நாத்து நடற கையில கீபோர்டக் குடுத்தா இப்டித்தான் சார்."

வாத்தியாரும் சேர்ந்து சிரித்தார். நாற்று நட்டது என் அம்மா; நட்டது இவர்கள் நிலத்தில்.

ஒரு வாரம் லீவு போட்டேன். லைப்ரரி முழுவதையும் பிரிண்ட் எடுத்து, அரிசிச் சாக்கில் திணித்து ஊருக்குக் கொண்டுபோனேன். வீட்டில் விரிக்க இடமில்லை. எங்கள் காலனி சர்ச்சில் வார நாட்களில் யாரும் வரமாட்டார்கள். நல்ல சிமெண்டுத் தரை. காகிதத்தை விரித்து, மேலே கல் வைத்து, எந்த ஃபைல் எதைக் கூப்பிடுகிறது என்று சிவப்புப் பென்சிலால் கோடு இழுத்தேன்.

என் ஃபைல் அவருடையதைக் கூப்பிட்டது எதற்கு? திரையில் ஒரு வரிக்கு எத்தனை எழுத்து என்று கேட்க. நாற்பது. அந்த ஒரு நாற்பதுக்காக அவருடைய ஃபைல் ஏறி, அதன் பின்னால் சைன், காஸ், தேதி, பிரிண்டர் என்று இருபது ஃபைல்கள் ஏறிக்கொண்டிருந்தன.

சர்ச்சைப் பெருக்க வந்த அம்மா கோடுகளைப் பார்த்து நின்றாள். "இன்னாடா இது?"

விஷயத்தைச் சொன்னேன்.

"ஒண்ணக் கூப்டா வூடே வருதா? நம்மளாட்டம்?"

"நம்மளாட்டந்தான்."

"வேலை இல்லாதத இன்னாத்துக்கு இஸ்துக்கினு வர்ற? உட்டுட்டு வா."

என் ஃபைலில் நாற்பது என்று நேராகவே எழுதினேன்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காகச் செய்தேன் என்று பிற்பாடு சொல்லிக்கொண்டதுண்டு. பச்சைப் பொய். ஆறேழு கோடுகளை வெட்டியதுமே மெஷினில் தாராளமாக இடம் கிடைத்துவிடும் என்று தெரிந்துவிட்டது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அவருடைய ஃபைலுக்குப் போகும் ஒவ்வொரு கோட்டையும் தேடிப் பிடித்து, அங்கே கேட்கப்பட்டதை இங்கேயே எழுதிவிட்டு, வெட்டினேன். ஒவ்வொரு வெட்டும் இனித்தது.

ஞாயிறு முழுக்க ஆபீஸில் உட்கார்ந்து வெட்டியதையெல்லாம் மெஷினில் ஏற்றினேன். திங்கட்கிழமை முதலாளி முன்னால் புதிய லைப்ரரி ஓடியது. அந்தப் பிள்ளையின் பெயர் திரையில் வந்தது. மெஷின் தரும் ரிப்போர்ட்டின் கடைசியில், எங்கிருந்தும் கூப்பிடப்படாத ஃபைல்கள் என்று ஒரு தலைப்பு இருக்கும். அதன் கீழே ஒன்றே ஒன்று. முதலாளி சத்தமாகப் படித்தார்.

"இதை யாருமே கூப்பிடலையே. அப்ப எடுத்துடலாம்."

சாயங்காலம் சீனியர் படிக்கட்டில் என்னை நிறுத்தினார். அவர் என்னைத் தம்பி என்று அழைத்தது அதுதான் முதல் தடவை.

"தம்பி, ஒரே ஒரு எடத்துல கூப்டுடு. சும்மா பேருக்கு. மேல எம்பேரு கீது, தம்பி."

"தேவை இல்லியே சார்."

இரண்டு படி இறங்கித் திரும்பினார். "சரி. ஊர்ல மட்டும் சொல்லிக்கினு இருக்காத."

அந்த யோசனை எனக்கு வந்திருக்கவே இல்லை. சனிக்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்தேன்.

அம்மா பெரிய வீட்டு வயலில்தான் நட்டுக்கொண்டிருந்தாள். மற்ற பெண்களுக்கும் கேட்கட்டும் என்று வரப்பில் நின்று குரலை உயர்த்தினேன்.

"யம்மா, சின்னவர இப்ப அங்க யாரும் கூப்புடறதில்ல. ஒரு வேலைக்கும் அவரு தேவப்படல. வெட்டி உட்டாச்சு. வெட்னது நான்."

அம்மா நிமிர்ந்தாள். கையிலிருந்த நாற்றிலிருந்து தண்ணீர் சொட்டியது. பெரிய வீட்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள், பிறகு என்னை.

"இன்னொரு தபா சொல்லு" என்றாள்.