நோரிஸ் டைசனின் பெரிய சிப்பாய்கள்

ஹாலிஃபாக்ஸ் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்ற நோரிஸ் டைசன், செவ்வாய்க்கிழமை தவறாமல் எங்கள் தேவாலயக் கூடத்துக்கு வந்துவிடுவார். அங்கே ஆறடி மேசையில் பொம்மைச் சிப்பாய்களை நிறுத்தி, பகடை உருட்டிப் போர் நடத்துவோம். சிப்பாய் ஒவ்வொருவனும் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரியவன். நோரிஸ் எப்போதும் பிரெஞ்சுக்காரர் பக்கம். எதிரே பிரஷியர்கள் என்ற பழைய ஜெர்மானியப் படையோடு செல்வின் கிராப்ட்ரீ. விதிப்புத்தகத்தில் கமா எங்கே இருக்கிறது என்பதற்கெல்லாம் சண்டை போடுகிற ஆள்.

ஒரு செவ்வாய்க்கிழமை நோரிஸ் செல்வினின் பிரஷியர்களையே நகர்த்தித் தன் ஆட்களைச் சுட்டார். நாங்கள் சிரித்தோம். அவரும் சிரித்தார், பிறகு மேல்கோட்டை மாட்டிக்கொண்டு சீக்கிரமே கிளம்பிவிட்டார். பார்வையின் நடுவில் மட்டும் புகை படிந்ததுபோல இருக்கிறது, அது இனிச் சரியாகாது என்று டாக்டர் சொல்லியிருந்ததை நோரிஸின் மனைவி எட்னா சொல்லித்தான் அறிந்தோம்.

எட்னா பழைய சாமான் கடையில் ஒரு பெட்டி நிறையப் பெரிய சிப்பாய்களைத் தேடிப்பிடித்து வாங்கி வந்தாள். சுண்டுவிரல் உயரம். நோரிஸால் அவர்களைப் பார்க்க முடிந்தது, தடவிப் பார்த்தே யார் எந்தப் படை என்றும் சொல்ல முடிந்தது. மீதிக் கஷ்டமெல்லாம் விதிகளில் வந்தது.

ஆள் இரட்டிப்பானால், நடக்கவும் சுடவும் புத்தகம் இன்ச் கணக்கில் சொல்கிற தூரமும் இரட்டிப்பாக வேண்டும் என்று முதலில் கணக்குப் போட்டார். நாலடி பாய்ந்த பீரங்கிக் குண்டு எட்டடி பாய்ந்து, மேசையைத் தாண்டித் தேநீர்க் கெட்டிலில் போய் நின்றது. சரி, தூரம் பழையபடியே இருக்கட்டும் என்றார். மூன்று படைப்பிரிவு நின்றதும் மேசை அடைத்துக்கொண்டது, நகர இடமில்லை. ஆட்களின் எண்ணிக்கையைப் பாதியாக்கினார். பழைய புத்தகப்படி ஒரு சுற்றில் மூன்று பேர் செத்தால், இப்போது ஒன்றரைப் பேர் சாக வேண்டும்.

"அந்த அரை ஆள் என்ன பண்ணுவான்?" என்று செல்வின் கேட்டார்.

"மண்டி போட்டு நிப்பான்."

"மண்டி போட்டவன் சுடலாமா?"

நோரிஸ் ஒரு சிப்பாயின் துப்பாக்கியைத் தடவிப் பார்த்தார். "பாதி சுடலாம்."

அதற்குப் பிறகு எங்களுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. குதிரைப்படைக்கு மட்டும் தூரம் ஒன்றரை மடங்கு என்றார். மேசைமேல் வைத்த பொம்மைக் காட்டுக்குள் அது பழைய அளவு என்றார். எங்களில் ஒருவர் இரட்டித்த தூரத்தையே மறுபடி இரட்டித்து, குதிரைகளை பிஸ்கட் தட்டில் கொண்டுபோய் நிறுத்தினார். ஆள் பெரிதாகிவிட்டானா, இல்லை பூமி சிறிதாகிவிட்டதா என்று செல்வின் கேட்டார். யார் ஜெயித்தார்கள் என்று யாருக்கும் தெரியாமல் ஆட்டம் முடிந்தது.

வீட்டிலும் இதே கதைதான் என்று எட்னா சொன்னாள். சாப்பாட்டு மேசையில் உப்புக் குப்பியையும் சாஸ் பாட்டிலையும் நகர்த்திக்கொண்டே இருந்தாராம். "கண்ணு போனதுக்கு வழி தேடுறேனா, விளையாட்டுக்கு வழி தேடுறேனான்னே எனக்குத் தெரியல, எட்னா" என்றாராம். அவள் சாஸ் பாட்டிலை எடுத்து வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

அடுத்த வாரம் நோரிஸ் வரமாட்டார் என்றே நினைத்தோம். எட்னா இழுத்துக்கொண்டு வந்தாள். செல்வின் கையில் விதிப்புத்தகம் இல்லை, மஞ்சள் பெயின்ட் அடித்த குச்சிக் கட்டு ஒன்று இருந்தது. இனி இன்ச் கிடையாது, நடக்க ஒரு குச்சி, சுட ரெண்டு குச்சி, பீரங்கிக்கு மேசை முழுக்க, அரை ஆள் எவனும் கிடையாது என்று அறிவித்தார். கமாவுக்குச் சண்டை போட்டவர் அவர்.

ஆட்டம் சூடு பிடித்தது. நோரிஸ் தன் பங்குக் குச்சியைத் தடவி அளந்து, ஆட்களைத் தாமே நகர்த்தினார். ஆனால் அவர் படை ஏனோ ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பின்தங்கியது. அவர் கை நீட்டி, செல்வினின் குச்சியை வாங்கித் தன்னுடையதோடு சேர்த்துப் பிடித்தார்.

"உன்னோடது நீளம்டா."

"கண்மட்டமா வெட்டினேன். ஒரு விரல்கடை கூடக் குறைய இருக்கும்."

"கண்ணு தெரிஞ்சவன் வெட்டின லட்சணமா இது? ஆட்டத்த முதல்லேர்ந்து ஆரம்பி."

செல்வின் முடியாது என்றார். நோரிஸின் குரல் உயர்ந்தது, செல்வினுடையதும் உயர்ந்தது. கூடத்தைப் பூட்ட வந்தவர் சாவியோடு வாசலில் காத்து நின்றார். எட்னா அவருக்கும் சேர்த்துத் தேநீர் ஊற்றினாள்.