கடுகு வெடிக்காத சமையலறை

பசியோட வந்து திட்டுறவங்களைத் தாங்கிக்கலாம். வயிறு நிறையச் சாப்பிட்டு, கையைக் கழுவிட்டு, பல்லைக் குத்திக்கிட்டே திட்டுறாங்க பாருங்க, அவங்களைத் தாங்குறதுக்குப் பேருதான் சமையல் தொழில். கேன்டீன், மெஸ், கேட்டரிங்னு கரண்டியும் கையுமா நிக்கிற என் இனமே, உங்களுக்குத் தெரியாததா?

நான் கலா. திருவெறும்பூர்ல ஒரு ஃபேக்டரி கேன்டீன்ல பதினெட்டு வருஷம் சமைச்சேன். ஒருநாள் புதுசா கான்ட்ராக்ட் எடுத்தவங்க வந்து, "இப்பவே கிளம்புங்க, இனிமே நீங்க வர வேணாம்"னு சொல்லிட்டாங்க. கொதிச்சுக்கிட்டிருந்த சாம்பாரை இறக்கி வைக்கக்கூட விடல. அன்னிக்கு ஒரு முடிவு பண்ணினேன். இனிமே என் அடுப்பை யாராவது அணைக்கிறதுன்னா, அது நானாத்தான் இருக்கணும்.

அடுத்த அடுப்பு கிடைச்ச இடம் ஓவிய மியூசியம். காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் போற வழியில ஒரு பழைய அரிசி மில்லை இடிக்காம மியூசியமா மாத்தியிருக்காங்க. உள்ளே ஆறு மேஜை போட்டு ஒரு சாப்பாட்டுக்கடை. வாசல்ல "பிஸ்ட்ரோ"ன்னு போர்டு. அர்த்தம் கேக்காதீங்க, நானும் யாரையும் கேக்கல.

சட்டம்

மியூசியத்துக்குப் பொறுப்பு ஃபிலோமினா மேடம். காலேஜ்ல ஓவியம் சொல்லிக் குடுத்தவங்க. குரல் ஏறவே ஏறாது, அதுதான் பயம். சித்திரை மாசம் முதல் நாளே என்னைக் கூப்பிட்டு உக்கார வச்சாங்க. எண்ணெய்ப் புகை படத்து மேல படிஞ்சா பிசுக்கு ஏறிடும், அதைத் துடைச்சு எடுக்க முடியாது. அதனால கேஸ் கூடாது, பொரிக்கக் கூடாது, தாளிக்கக் கூடாது. கரண்ட் அடுப்புல வேகவைக்கலாம், அவ்வளவுதான். சீலிங் முழுக்கப் புகை கண்டுபிடிக்கிற கருவி இருக்கு, துளி புகை பட்டாலும் மணி அடிச்சிடும். ஆறு மாசம் பார்ப்போம்னாங்க.

தாளிக்காமலா? கடுகு வெடிக்கிற சத்தம் கேட்டாத்தான் நம்ம ஊர்ல சமையல் முடிஞ்சுதுன்னே அர்த்தம். எனக்குத் தலை சுத்திச்சு. ஆனாலும், "சரிங்க மேடம், பண்ணிக் காட்டுறேன்"னு சொல்லிட்டேன். வாய்க்கு என்ன, சொல்லிடும். கிளம்பும்போது மேடம் சொன்னாங்க: "ஒரே ஒரு தடவை அந்த மணி அடிச்சாலும், மறுநாள் கடை இருக்காது கலா."

முதல் சாப்பாடு

முதல் நாள் முதல் ஆளா வந்தது சவரிமுத்து சார். திருவெறும்பூர்ல ஃபோர்மேனா இருந்து ரிட்டயர் ஆனவர், பழைய கேன்டீன்ல என் கை சாம்பாருக்கு ரசிகர். கலா கடை போட்டிருக்காள்னு கேள்விப்பட்டு ரெண்டு பஸ் மாறி வந்திருந்தார். எனக்குப் பெருமை தாங்கல. சாதம், சாம்பார், ரசம், பீன்ஸ் பொரியல்னு எல்லாம் வச்சேன். எதுலயும் தாளிப்பு இல்ல. பீன்ஸ் வெறும் ஆவியில வெந்தது.

மனுஷன் சாப்பிட்டார். ரெண்டாவது தடவை சாம்பார் கேக்கல. பதினெட்டு வருஷத்துல அவர் ரெண்டாவது தடவை சாம்பார் கேக்காத நாள் அது ஒண்ணுதான். கை கழுவிட்டு வந்து என் முகத்தைப் பாத்தார், பாவம், மனசு கேக்காமதான் சொன்னார்: "தப்பா நெனைக்காதம்மா, வீட்டுல என் சம்சாரம் கோவமா இருக்குற அன்னிக்குத்தான் இப்படித் தாளிக்காம தட்டுல போடுவா."

படத்துல இருக்குற இலை

என் கடைக்கு நேர் எதிர் சுவத்துல ஒரு பெரிய படம். தலைவாழை இலை நிறையக் கல்யாணச் சாப்பாடு. வடை, வாழைக்காய் வறுவல், கடுகு மினுமினுக்குற பொரியல், இலை ஓரத்துல இவ்ளோ பெரிய அப்பளம். எனக்கு எதெல்லாம் தடையோ, அதையெல்லாம் பாத்துப் பாத்து வரைஞ்சிருக்கார் மகராசன்! வர்றவங்க மெனு கார்டைப் பாக்கவே மாட்டாங்க. படத்தைப் பாத்து, "அதுல ஒண்ணு குடுங்க"ம்பாங்க.

ஒரு வாரம் பாத்தேன். ரோஷம் வந்துருச்சு. படத்தை இறக்க முடியாது, அதனால நான் ஏறணும். ஜீயபுரத்துலேர்ந்து வாழைத்தண்டு வரவழைச்சு, பொடியா நறுக்கி, ஊற வச்ச பாசிப்பருப்பும் எலுமிச்சம்பழமும் சேத்துப் பச்சையாவே பச்சடி போட்டேன். கொழுக்கட்டை, இடியாப்பம், புட்டுன்னு ஆவியில என்னென்ன வேகுமோ எல்லாம் வேக வச்சேன். அப்பளத்தை மைக்ரோவேவ்ல வச்சா எண்ணெயே இல்லாம பொரியுது! ஆனா கொஞ்சம் அசந்தாலும் கருகிப் புகைஞ்சிடும். அதனால என் உதவிக்கு இருக்குற செல்வராணி வேற எந்த வேலையும் பாக்காம, வாய்விட்டு எண்ணிக்கிட்டே பக்கத்துல நிப்பா.

படம் வரைய வந்த காலேஜ் பொண்ணு ஒருத்தி மூணு அப்பளம் சாப்பிட்டுட்டுச் சொன்னா: "ஆன்ட்டி, சுவத்துல இருக்குறது அழகாத்தான் இருக்கு, ஆனா உங்களோடதுதான் நொறுங்குது."

மூடியைத் திறந்தா

ரசம் மட்டும் வழிக்கு வரவே இல்ல. தாளிக்காத ரசம் புளித்தண்ணியா நின்னுச்சு. அப்பதான் பாலக்கரையில அத்தர் கடை வச்சிருக்குற ஒரு பாய், குடும்பத்தோட வந்தார். ஒரு வாய் குடிச்சுட்டு, "ருசி இருக்குதுங்க, வாசம் எங்க?"ன்னார். எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. சட்டத்தைச் சொன்னேன், கொஞ்சம் சூடாவே சொன்னேன்.

அவர் கோவிச்சுக்கல. "நான் மூக்கை வச்சுப் பொழைக்கிற ஆளுங்க. வாசத்தைப் பாத்திரத்துல தேடாதீங்க. மிளகு, சீரகம், கொத்தமல்லியை அப்பப்ப இடிச்சு டம்ளர்ல போட்டு, கொதிக்கிற ரசத்தை மேல ஊத்தி, உடனே மூடி வைங்க. மேஜையில அவங்களே தொறக்கட்டும்"னார். அங்கேயே செஞ்சு பாத்தோம். மூடியைத் தொறந்ததும் பாய் கண்ணை மூடிக்கிட்டு, "மாஷா அல்லாஹ்"ன்னார். நன்றி சொன்னேன். எழுந்துக்கும்போது சொன்னார்: "கடை முழுக்க மணந்தா அது விளம்பரம், மூக்குக்கு நேரா மணந்தாத்தாங்க அது மரியாதை."

மடி

ஸ்ரீரங்கத்துலேர்ந்து ஒரு மாமாவும் மாமியும் படம் பாக்க வந்தாங்க. வெளியில சாப்பிடுறதில்லையாம், பானகம் மட்டும் போதும்னாங்க. மாமா மட்டும் சமையலறை வாசல்ல நின்னு அரை மணி நேரம் கேள்வி. எண்ணெய் உண்டா, புகை உண்டா, கைதுடைக்கிற துணி தனியா? ஒண்ணொண்ணுக்கும் சட்டத்தைச் சொன்னேன். எல்லாம் கேட்டுட்டு மாமியைத் திரும்பிப் பாத்தார்: "கேட்டியா, சுவத்துல மாட்டின படத்துக்கே இத்தனை மடின்னா, நம்மாத்துல பெருமாளுக்குத் தளிகை பண்றது எந்த மூலைக்கு!"

மணி

ஆறு மாசம் முடிய ஒரு வாரம். ஆயுத பூஜை. லீவு நாள்ங்கறதால மியூசியத்துல நல்ல கூட்டம். நானும் கரண்ட் அடுப்புக்கும் மிக்ஸிக்கும் சந்தனம் குங்குமம் வச்சுட்டு, பொரி கடலையைத் தட்டுல அள்ளிக்கிட்டிருந்தேன்.

மணி அடிச்சுது.

ஐயோ, அந்தச் சத்தம் இருக்கே! கூட்டம் மொத்தமும் வெளியில ஓடுது. ஃபிலோமினா மேடம் மட்டும் உள்ளே ஓடி வர்றாங்க, நேரா என் சமையலறைக்கு. "கலா, நான் சொன்னேன்ல?" அவ்வளவுதான் கேட்டாங்க. எனக்குக் கண்ணுல தண்ணி முட்டிச்சு. அழுகை இல்ல, ஆத்திரம். மைக்ரோவேவைத் தொறந்து காட்டினேன், காலி. பாத்திரம் பாத்திரமா மூடியைத் தொறந்து காட்டினேன். "மேடம், முதல்ல மணி எதுக்கு அடிக்குதுன்னு பாருங்க, அப்புறம் என்னைப் பாருங்க. தப்பு என்னோடதுன்னா நீங்க சொல்ல வேணாம், நானே அணைச்சுட்டுப் போறேன்"னேன். என் குரல் அவ்வளவு ஏறும்னு எனக்கே தெரியாது.

ரெண்டு பேருமா தேடிக்கிட்டே போனோம். வராண்டா கடைசியில ஸ்விட்ச் ரூம். உள்ளே ஒரே சாம்பிராணிப் புகை. நடுவுல எலக்ட்ரீஷியன் முருகேசன், ஸ்டூல் மேல ஏறி நின்னுக்கிட்டு, ஒரு கையில தூபக்கால், இன்னொரு கையால காதைப் பொத்திக்கிட்டிருக்கார். புகை கண்டுபிடிக்கிற கருவி ஒவ்வொண்ணுக்கும் சந்தனப் பொட்டு, குங்குமம். அதுக்குத்தான் தூபம் காட்டியிருக்கார், மூஞ்சிக்கு நேரா! முருகேசன் கீழே இறங்காமலே சொன்னார்: "எல்லா மெஷினுக்கும் பூஜை போட்டுட்டு இதை மட்டும் விட்டா, வருஷம் பூரா இது வேலை செய்யுமா மேடம்?"

சமாதானம்

மறுநாள் மேடம் வந்து உக்காந்து ஒரு ரசம் கேட்டாங்க. மூடியைத் தொறந்தாங்க, குடிச்சாங்க, "நேத்து நான் உங்களைத்தான் முதல்ல நெனச்சேன், தப்பு"ன்னாங்க. நீங்களா போற வரைக்கும் கடை உங்களோடதுன்னு பேப்பர்லயும் எழுதிக் குடுத்துட்டாங்க. போதாததுக்கு, வெளியில தூரமா ஒரு ஷெட்டு போட்டுத் தர்றேன், அங்க தாளிச்சுக்கோங்கன்னாங்க. நான் வேணாம்னுட்டேன். ஆறு மாசம் மல்லுக்கு நின்னு ஜெயிச்சது, இனிமே கடுகுகிட்டப் போய்க் கையேந்துறதா? செல்வராணி தலையில அடிச்சுக்கிட்டா.

அந்த ஞாயித்துக்கிழமை சவரிமுத்து சார் திரும்ப வந்தார், இந்தத் தடவை வீட்டம்மாவோட. எல்லாம் வச்சேன். சார் ரெண்டாவது தடவை ரசம் கேட்டார். மூணாவது தடவையும் கேட்டார். அந்தம்மா சாப்பிட்டு முடிச்சு, மூடியை டம்ளர் மேல பதவிசா வச்சுட்டு, அவரைப் பாத்துச் சொன்னாங்க: "நல்லதாப் போச்சு, இனிமே எனக்குக் கோவம் வந்தா நீங்க இங்க வந்து சாப்பிட்டுக்குங்க, நான் அடுப்பே பத்த வைக்க மாட்டேன்."

ஊருக்கெல்லாம் தாளிக்காம சாப்பிடக் கத்துக்குடுத்த நான், சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் செருப்பைக் கழட்டுறதுக்கு முன்னாடி பண்ற முதல் வேலை, எண்ணெயைக் காய வச்சு ரெண்டு கை கடுகை வெடிக்க விடுறதுதான்.