பெட்ரோல் பெட்டியின் சாவி

போன மாதம் என் மகன் புல்வெட்டும் மிஷினுக்கென்று ஒரு புது டின் பெட்ரோல் வாங்கி வந்தான். நாங்கள் இப்போது இருப்பது கெப்பாலா பத்தாஸில். வீட்டைச் சுற்றி நிலம் கிடக்கிறது. மழை பெய்தால் ஒரே வாரத்தில் புல் முழங்காலுக்கு வந்துவிடும். மிஷின் மூன்று மாதம் மூலையில் சும்மா கிடந்தது. கயிற்றை இழுத்து இழுத்து அவனுக்குத் தோள் வலித்ததுதான் மிச்சம். கடைக்காரர் கழற்றிப் பார்த்துவிட்டு, சின்ன இன்ஜினுக்கு எத்தனால் கலக்காத பெட்ரோல்தான் நல்லது என்று இந்த டின்னைக் கொடுத்தாராம். எத்தனால் என்றால் என்னடா என்று கேட்டேன்.

"அது சாராயம் மாதிரிம்மா. தண்ணிய இழுத்து வச்சுக்கும். இன்ஜின் இருமி இருமியே செத்துரும்" என்றான், எனக்குப் புதிதாக ஏதோ சொல்லிக்கொடுக்கிறவன் போல.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்தக் குடும்பத்தில் அதை முதலில் கண்டுபிடித்தவள் நான். அப்போது எனக்கு எட்டு வயது.

அப்பா கடலுக்கு அந்தப் பக்கம், தீவில் இருக்கிற ஜார்ஜ் டவுனில் விறகுக் கடை வைத்திருந்தார். முன்னால் கடை, நடுவில் கட்டைகள் அடுக்கிய கொட்டகை, பின்னால் நாங்கள் குடியிருந்த இரண்டு அறை. சாப்பாட்டுக் கடைக்காரர்கள், கல்யாண வீட்டுக்காரர்கள் என்று எல்லோரும் எங்களிடம்தான் வருவார்கள். சோறு வடிக்க ரப்பர் மரக் கட்டை போதும். நின்று எரிய வேண்டும், புகையக் கூடாது என்றால் கடலோரச் சேற்றில் வளர்கிற பாக்காவ் கட்டை. கட்டையைத் தட்டிப் பார்த்தே காய்ந்ததா ஈரமா என்று நான் சொல்லிவிடுவேன். இன்றைக்கும் சொல்வேன்.

அம்மாவின் தம்பி எங்களோடுதான் இருந்தார். ஃபெர்ரிக்கு அக்கரையில், பத்து காவான் என்கிற ஊரின் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் சீவப் பிடிக்காமல் வந்தவர். கோடாலியைப் பிடிக்கவும் அவருக்குப் பெரிதாக ஆசையில்லை. யாரோ விற்ற பழைய பெட்ரோல் இன்ஜின் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து, அதில் வட்ட ரம்பத்தை மாட்டினால் ஒரு நாள் வேலை ஒரு மணி நேரத்தில் முடியும் என்று அப்பாவை விடாமல் அரித்தார். அப்பா கடைசியில் வாங்கினார். வாங்கிய அன்றே கொட்டகை நடுவில் நின்று, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்:

"இன்ஜின் படுத்துச்சுன்னாலும் சரி, நீ குடிச்சிட்டு வந்து நின்னாலும் சரி, அன்னைக்கே ஃபெர்ரி ஏறிடணும். அப்புறம் தோட்டம்தான் உனக்கு."

"சரி மச்சான்" என்றார் மாமா. இன்ஜினுக்கு ஒரு பழைய கைலியைப் போர்த்தி, தினமும் துடைத்துத் துடைத்து வைத்தார். என்னைவிட அதற்குத்தான் குளியல் அதிகம்.

அந்தச் சமயத்தில்தான் எனக்குத் தம்பி பிறந்தான். பிள்ளை பெற்றவளைப் பார்த்துக்கொள்ள அப்பாவின் அக்கா வந்து இறங்கினார். பச்சை உடம்புக்காரிக்கு நாற்பது நாளும் சுடுதண்ணீர் ஊற்ற வேண்டும். ஊற்றுகிற தண்ணீர் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை புதிதாகக் கொதிக்க வேண்டும். வேப்பிலையும் புளிய இலையும் அதிலேயே வேக வேண்டும். அத்தைக்குப் பாக்காவ் கட்டையைத் தவிர வேறு எதுவும் ஆகாது. அதுவும் ரம்பத்தில் ஒரே அளவாக அறுத்ததுதான் வேண்டும், அடுப்பை விட்டு ஒரு விரல் வெளியே நீண்டாலும் திட்டு விழும். விறகு சுமப்பது என் வேலை. அதற்காகப் பள்ளிக்கூடத்தை நாற்பது நாள் நிறுத்தினார்கள். நான் திரும்பப் போகவேயில்லை. போயிருந்தாலும் பெரிதாக என்ன கிழித்திருப்பேன், தெரியாது.

மாமா சுத்தமாகக் குடிக்காமல் இல்லை. கொட்டகையில், பெட்ரோல் டின்னுக்குப் பின்னால், கட்டைகளுக்கு நடுவே சம்சு என்கிற மலிவுச் சாராயத்தை ஒரு போத்தலில் ஒளித்து வைத்திருந்தார். எனக்கு அது தெரியும். ஒரு நாள் டின் மூடியில் கொஞ்சம் ஊற்றித் தீக்குச்சியைக் காட்டினார். நீலமாக எரிந்தது. "பாத்தியா? நீலமா எரிஞ்சா அசல் சரக்கு லா. அத்தகிட்ட சொல்லிறாத" என்றார். நான் சொல்லவில்லை. ஆனால் அத்தையின் மூக்குக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அம்மா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, காதுக்குள் பேசினார்.

"மாமா கொட்டகையில போத்தல் வச்சிருக்கானாம். அத்த மோப்பம் பிடிச்சிருச்சு. அப்பா வந்ததும் சொல்லப்போவுது. நீ போய் எடுத்து, சத்தமில்லாம கால்வாயில ஊத்திட்டு வந்துரு. உங்கப்பா கண்ணுல பட்டுச்சு, மாமாவ நாளைக்கு இந்த வீட்டுல பாக்க முடியாது."

அம்மாவுக்கு அந்த ஒரு தம்பிதான். எனக்கும் அந்த ஒரு மாமாதான். ஓடிப்போய்ப் போத்தலை எடுத்துப் பாவாடைக்குள் மறைத்தேன். முக்கால் போத்தல் இருந்தது. கால்வாய் ஓரத்துக்குப் போனால், அங்கே அத்தை உட்கார்ந்து பிள்ளைத் துணி அலசிக்கொண்டிருந்தார். அங்கே ஊற்றினால் நேரே அவர் மூக்கில் ஊற்றியது மாதிரி.

திரும்பக் கொட்டகைக்கு வந்தேன். எங்கள் வீட்டில் எதையும் வீணாக்குகிற பழக்கம் கிடையாது. மரத்தூளைக்கூட மூட்டை கட்டி வைப்போம். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. சம்சு எரியும். பெட்ரோலும் எரியும். எரிகிறதை எரிகிறதோடு சேர்த்தால் என்ன? பெட்ரோல் டின்னின் மூடியைத் திறந்து முழுதையும் ஊற்றினேன். போத்தலைக் கழுவி, சோயா சாஸ் போத்தல்களோடு வைத்துவிட்டேன். அப்பா வந்தார். அத்தை சொன்னார். அப்பா கொட்டகையைப் புரட்டிப் பார்த்தார், ஒன்றும் அகப்படவில்லை. மாமா முழித்த முழியைப் பார்க்க வேண்டுமே. உலகத்திலேயே என்னைப் போல் கெட்டிக்காரி இல்லை என்று நினைத்துக்கொண்டு நன்றாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் பக்கத்துத் தெருவில் ஒரு பாய் வீட்டுக் கல்யாணத்துக்கு விறகு கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி. சமையலுக்குப் பொறுப்பான பண்டாரி காலையிலேயே வந்து நின்றார். மாமா அந்த டின்னிலிருந்து பெட்ரோல் ஊற்றி, கயிற்றைச் சுற்றி இழுத்தார். இன்ஜின் பிடித்தது. நாலு கட்டை அறுபட்டது. பிறகு ஒரு இருமல், இன்னொரு இருமல். நின்றுவிட்டது. மறுபடி இழுத்தார். இருமக்கூட இல்லை.

"என்னா தவுக்கே, உங்க ஆளு மிஷினுக்கு சளி பிடிச்சிருச்சா?" என்று பண்டாரி முதலாளியான அப்பாவைக் கேட்டார். "நாளைக்கி அறநூறு பேரு சாப்புடணும் லா. நான் என் தாடிய வச்சா அடுப்பு எரிக்கிறது?"

மாமா வியர்க்க வியர்க்க இன்ஜினைக் கழற்றினார். பிறகு சந்தேகம் வந்து, டின்னிலிருந்து கொஞ்சம் ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்து வெளிச்சத்தில் வைத்தார். மேலே பெட்ரோல். கீழே கலங்கலாக வேறு ஏதோ. நடுவில் கோடு போட்டது மாதிரி இரண்டும் தனித்தனியாக நின்றன.

"பெட்ரோல் கடைக்காரன் வேலையா இது?" என்று அப்பா சட்டையை எடுத்தார். "இப்பவே போய் அவன் மூஞ்சியில ஊத்துறேன்."

மாமா போத்தலை மூக்குக்குக் கொண்டுபோனார். சம்சு வாடை அவருக்குத் தெரியாதா? பிறகு மெதுவாகத் திரும்பி, விறகை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்தார். என்னைக் காட்டிக்கொடுத்தால் போத்தல் கதையும் வரும். சொல்லாவிட்டால் பெட்ரோல் கடையில் சண்டை.

"மழைத்தண்ணி மச்சான்" என்றார் மாமா. "மூடிய சரியா மூடல. கடைக்காரன் மேல தப்பில்ல. என் தப்புதான்."

அப்பா அந்தப் போத்தலைக் கையில் வாங்கி, தானும் ஒரு தடவை முகர்ந்து பார்த்தார். கொட்டகைக் கூரையைப் பார்த்தார். வெளியே வானத்தைப் பார்த்தார். மழை பெய்து பத்து நாளாகியிருந்தது. கடைசியாக என்னைப் பார்த்தார். நான் விறகை எண்ணுகிறவள் போல் குனிந்துகொண்டேன்.

ஃபெர்ரி என்ற சொல் வரும், வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அப்பா எடுத்த சட்டையை ஆணியில் திரும்ப மாட்டினார். மூலையில் கிடந்த இரண்டு கோடாலியில் ஒன்றை மாமாவிடம் நீட்டினார். இன்னொன்றைத் தான் எடுத்துக்கொண்டார்.

"நின்னு பாத்தா கட்டை தானா பொளந்துக்குமா? வா."

சாயங்காலம்வரை இரண்டு பேரும் வெட்டினார்கள். மாமாவின் கை கொப்புளித்துத் தண்ணீர் கோத்துவிட்டது. துணியைச் சுற்றிக்கொண்டு வெட்டினார். பண்டாரிகூடக் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏற்றி அனுப்ப உதவினார். கல்யாண விறகு கடைசிக் கட்டைவரை போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகுதான் மாமா இன்ஜினைச் சுத்தம் பண்ணி, வேறு பெட்ரோல் ஊற்றி ஓட்டிக் காட்டினார். டின்னின் அடியில் தேங்கியிருந்ததில் மரத்தூளை நனைத்து, அம்மாவின் வெந்நீர் அடுப்புக்கு அடியில் வைத்தார். அத்தை ஒரு குச்சி உரசியதும் பக்கென்று பிடித்துக்கொண்டது.

"இன்னைக்கி என்னாடி, ஊதாமலே எரியுது!" என்று அத்தை ஆச்சரியப்பட்டார். மாமாவின் சம்சுவில் அம்மாவுக்கு உடம்பு சூடாக வெந்நீர் கிடைத்தது. அத்தைக்குக் கடைசிவரை அது தெரியாது.

திங்கட்கிழமை அப்பா கடைத்தெருவிலிருந்து ஒரு சின்னப் பூட்டு வாங்கி வந்தார். பெட்ரோல் டின்னை ஒரு மரப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். சாவியைக் கறுப்புக் கயிற்றில் கோத்து, என் கழுத்தில் போட்டார்.

"இனிமே இந்தப் பெட்டிக்கு நீதான் பொறுப்பு. மாமா கேட்டா மட்டும் தொறந்து விடு. உள்ள பெட்ரோலத் தவிர வேற எதுவும் போகக் கூடாது. விளங்குதா?"

எனக்கு நன்றாக விளங்கியது. இந்த வீட்டில் என்னைவிடக் கெட்டிக்காரி இல்லை என்று அப்பாவே ஒப்புக்கொண்டுவிட்டார் என்று விளங்கியது. மாமா அன்றிலிருந்து என் முன்னால் வந்து கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். "முதலாளியம்மா, கொஞ்சம் தொறந்து விடுறீங்களா?" நான் உடனே திறந்துவிட மாட்டேன். குடியை அவர் அடியோடு விட்டுவிட்டார் என்று சொன்னால் அது பொய். ஆனால் கொட்டகைக்குள் இன்னொரு போத்தலை நான் பார்க்கவில்லை.

சாவி கிடைத்த அன்றைக்கு நேரே அம்மாவிடம் ஓடினேன். வயிற்றைச் சுற்றித் துணி கட்டிப் படுத்திருந்தார். "அப்பா என்னை நம்பிக் குடுத்திருக்காரு பாருங்க!" என்று சாவியைத் தூக்கிக் காட்டினேன். அம்மா என்னையும் சாவியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "போடி, வலிக்குதுடி, போ அந்தப் பக்கம்" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தார். கொட்டகையில் அப்பா சிரிக்கிற சத்தமும் கேட்டது, கூடவே மாமா சிரிக்கிற சத்தமும்.

பிள்ளை பிறந்த வீடு, எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். சாவி வெளியே தெரியும்படி சட்டைக்கு மேலே இழுத்துவிட்டு, தெருக்கோடிவரை ஒரு நடை நடந்துவிட்டு வந்தேன்.