டெய்லரம்மாவின் வலது கை

சட்டை தைப்பதில் அந்தத் தெருவில் டெய்லரம்மாவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. வாயும் அப்படித்தான். "போன தடவைக்கு இப்ப ரெண்டு இஞ்ச் ஏறியிருக்கீங்க" என்று அளவெடுக்கும்போதே முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட மனுஷிக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துபோனது. வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. கத்தரி பிடிக்க முடியாத பிறகு பேசி என்ன ஆகப்போகிறது என்று அவரே பேச்சைக் குறைத்துக்கொண்டார்.

தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தார். தம்பி பின்னறையில் சிப்பிக் காளான் வளர்ப்பவர். காளான் புராணத்தை ஆரம்பித்தால் லேசில் முடிக்க மாட்டார். புரதம் என்பார், நரம்புக்கு நல்லது என்பார். அக்காவுக்குத் தினமும் ஒரு கோப்பை காளான் சூப். காளான் நல்ல சாப்பாடுதான், அதன்மேல் ஒரு குற்றமும் இல்லை.

அக்காவோடு ஒரு நாயும் வந்திருந்தது. யாரைக் கண்டாலும் வாதாடும் என்பதால் 'வக்கீல்' என்று பேர். செத்துக் கிடந்த அந்தக் கைக்கடியில் வக்கீல் தலையை நுழைத்து முட்டும். சொறிந்துவிடும்வரை விடாது. "போடா, உனக்கு வேற வேலையே இல்லையா" என்று திட்டிக்கொண்டே அவர் விரலை அசைக்கப் பார்ப்பார். முதலில் கட்டைவிரல் அசைந்தது. பிறகு ஒருநாள் கை வக்கீலின் காதுவரை ஏறியது. மறுபடி ஊசி பிடித்துவிடலாம் என்று அவருக்கு ஆசை வந்துவிட்டது.

தம்பி பூரித்துப்போனார். "பாத்தியாக்கா, எல்லாம் என் காளான் பண்ணுன வேலை!"

"காளான் பாதி, வக்கீல் பாதின்னு வச்சுக்கோடா."

"நாய் என்ன பண்ணுச்சு? நல்லாத் தின்னுச்சு."

அந்த நேரம் பார்த்துக் காளான் வளரும் வைக்கோல் பைகளில் பச்சைப் பூஞ்சை பிடித்தது. வேகவைத்த வைக்கோலில் ஈரம் வடியுமுன் அவசரப்பட்டுப் பையில் அடைத்தது தம்பிதான். ஆனால் பழிபோட வீட்டில் நாலுகாலில் ஒன்று நிற்கும்போது எவன் தன்னை நினைப்பான்? நாய்முடிதான் காரணம் என்று முடிவுகட்டினார். அக்கா மதியம் கண்ணயர்ந்ததும் வக்கீலை வண்டியில் ஏற்றிப் போய், எங்கோ ஒரு சந்தை வாசலில் இறக்கிவிட்டு வந்தார்.

"வக்கீல் எங்கடா?"

"நல்ல இடத்துலதான் விட்டிருக்கேன். நீ சூப்பைக் குடி."

"கூட்டிட்டு வந்துருடா. உன் கால்ல வேணா விழறேன்."

அக்கா யாரிடமும் அப்படிக் கெஞ்சியதில்லை. தம்பி சூப்பில் இன்னும் கொஞ்சம் மிளகு போட்டுக் கொடுத்தார்.

அடுத்து அடைத்த பைகளிலும் பச்சை வந்தது. தம்பிக்கு அப்போது விளங்கிவிட்டது. மூச்சுக்காட்டாமல் அவற்றைக் குப்பையில் கொட்டிவிட்டு, அதன்பின் வைக்கோலை ஒழுங்காக வடியவிட்டார். காளான் வெள்ளைவெளேரென்று பூத்தது. அக்காவின் கை மட்டும் மடியில் விழுந்தது விழுந்ததுதான். முட்டி எழுப்ப ஆளில்லை.

சூப்பின் பெருமை கேள்விப்பட்டு ஒரு பெண் வந்தாள். "அக்கா, கையைத் தூக்கிக் காட்டு" என்றார் தம்பி. கை அசையவில்லை. அவரே மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார். "பாருங்க, முன்னாடி இந்த அளவுக்குக்கூட வராது."

"எங்க மாமியாருக்கும் இதே கைதாங்க. எந்நேரமும் ஒரு பூனையை மடியில வச்சுத் தடவிட்டே இருப்பாங்க. அதால ஒண்ணும் கெடுதல் இல்லியே?"

"முதல்ல அதை எங்கயாவது விட்டுட்டு வந்துருங்க. அப்புறம் சூப்பை ஆரம்பிங்க."

"பூனையை விட்டுடாதம்மா" என்றார் டெய்லரம்மா. "அந்தக் கைக்கு அதுதாம்மா வைத்தியம்."

"அக்காவுக்கு இன்னும் நாய் ஞாபகம்" என்று தம்பி சிரித்தார். அந்தப் பெண்ணும் மரியாதைக்குச் சிரித்துவிட்டு, இரண்டு பொட்டலம் காளான் வாங்கிக்கொண்டு போனாள்.