எண் நின்ற இடங்கள்

எண்பதுகளின் பிற்பாதியில், ஆரணியில் எங்கள் வீட்டு நடு அறையில், அண்ணன் ஒரு கம்ப்யூட்டர் செய்தான். வாங்கவில்லை, செய்தான். சர்க்யூட் பலகையும் சில்லுகளும் சென்னையிலிருந்து வந்தன. தெருக்கோடித் தச்சர் பிளைவுட்டில் ஒரு பெட்டி செய்து, சூடு வெளியேற மூடியில் வரிசையாகத் துளைகள் போட்டுத் தந்தார். வீட்டுக் கறுப்பு வெள்ளை டி.வி. அதற்குத் திரையாயிற்று. டேப் ரெக்கார்டரில் கேசட்டை ஓடவிட்டால் அதிலிருந்து தனக்கான கட்டளைகளை அது படித்துக்கொள்ளும்.

அண்ணன் அதுவரை டி.வி. பழுதுபார்க்கும் கடையொன்றில் வேலை பார்த்துவந்தான். பெங்களூரில் இத்தகைய எந்திரங்கள் செய்யும் சிறிய பட்டறையிலிருந்து அவனுக்குக் கடிதம் வந்திருந்தது. தன் கையால் செய்த எந்திரத்தைப் பொங்கல் கழிந்த முதல் திங்கட்கிழமை கொண்டுவர வேண்டும், காலையிலிருந்து மாலைவரை அவர்கள் கண்முன் அது நிற்காமல் ஓட வேண்டும், ஓடினால் வேலை. கடிதம் வந்த வாரமே கடை வேலையை விட்டுவிட்டான். எந்திரம் ஓடாவிட்டால், வீட்டில் பட்டு நெய்யும் அப்பாவுக்கு எதிரே இருந்த தறியில் உட்கார வேண்டியதுதான். அந்தத் தறியைப் பற்றிப் பேச்சு வந்தாலே அவன் எழுந்து வெளியே போய்விடுவான்.

எந்திரம் ஓடியது, திடீரென்று நின்றது. சில சமயம் திரை அப்படியே உறைந்தது. சில சமயம் எந்த மொழியிலும் சேராத எழுத்துகள் திரை முழுவதும் இறைந்தன. எப்போது, எதனால் என்று சொல்ல முடியவில்லை. பெட்டியைத் திறந்து, பலகையைப் புரட்டி, எதையாவது தொட்டுப் பார்த்துவிட்டு மூடினால் நாள் முழுவதும் ஒழுங்காக ஓடும். மறுநாள் மீண்டும் நிற்கும்.

அண்ணன் ஒரு சோதனைக் கட்டளை எழுதினான். எந்திரம் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே போகும். நின்றால், நின்ற எண் திரையில் இருக்கும். நான் அப்போது தமிழ் இலக்கியத்தில் முதுகலை படித்துவந்தேன். அரையாண்டு விடுமுறைக்கு வீட்டிலிருந்தேன். ஒரே பாடலுக்குப் பல சுவடிகளில் உள்ள வேறுபாடுகளைக் குறித்து, எங்கே பிழை நுழைந்தது என்று தேடும் பயிற்சி எனக்கு இருந்தது. நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்து நான்கு பத்திகளாகக் கோடு போட்டேன்: நேரம், நின்ற எண், அறையில் இருந்தவர், காரணம். நான்காவது பத்தி காலியாகவே இருந்தது.

முதலில் மின்சாரத்தைச் சந்தேகித்தோம். மாலையில் தெரு முழுவதும் விளக்கு எரியத் தொடங்கினால் எங்கள் பல்பு சிவந்துபோகும். அண்ணன் ஸ்டெபிலைசர் ஒன்றை இரவல் வாங்கிவந்தான். எந்திரம் காலையிலும் நின்றது. பிறகு சூட்டைச் சந்தேகித்தோம். டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பினோம். அன்று முன்னிலும் விரைவாக நின்றது. பற்றவைத்த இடங்களில் ஈயம் சரியாகப் பிடிக்கவில்லை என்று அண்ணன் ஒவ்வொன்றையும் மறுபடி சுட்டான். நினைவகச் சில்லுகளை ஒவ்வொன்றாக இடம் மாற்றினான். இரண்டு அறை தள்ளி அப்பா நெய்யும்போது தரை அதிர்கிறதோ என்று ஒருநாள் தறியை நிறுத்தச் சொன்னான்.

அப்பா தறிக்குழியிலிருந்தே குரல் கொடுத்தார். “ஏன்டா, நாப்பது வருஷமா இந்தத் தறி ஓடுது. ஒரு நாள் அர்த்தமில்லாம எழுத்து எழுதி காட்டிச்சா? உன் மிஷினுக்கு நான் மூச்சு வுடறதும் ஆவாதா?”

அப்பா நிறுத்திய அரை நாளிலும் எண் இரண்டு முறை நின்றது.

பொருள்கள் ஒவ்வொன்றாகக் குற்றத்திலிருந்து விடுபட்டன. மனிதர்கள்தாம் மிஞ்சினார்கள். நான் மூன்றாவது பத்தியை மீண்டும் படித்தேன். பதினேழு முறை எந்திரம் நின்றிருந்தது. அவற்றில் பதினொரு முறை அந்தப் பத்தியில் ‘அ’ என்ற எழுத்து இருந்தது. அண்ணியைக் குறிக்க நான் வைத்த எழுத்து அது.

அண்ணி வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அவர் போளூர்க்காரர். அவர்கள் குடும்பம் தறியை விட்டு இரண்டு தலைமுறை ஆகி, அரிசி மண்டி வைத்திருந்தது. பெங்களூர் போவதில் அவருக்கு விருப்பமில்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். “அந்த ஊர்ல பக்கத்து வீட்டுக்காரி இன்னா திட்டறான்னுகூட புரியாதே. திட்டறது புரியாத ஊர்ல எப்பிடிங்க குடும்பம் பண்றது?” என்று அண்ணனிடம் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பையும் நான் சந்தேகித்தேன். ஆரணியிலிருந்து போளூர் ஒரு பஸ் தூரம். எந்திரம் ஓடாவிட்டால் அந்தத் தூரம் அப்படியே இருக்கும். காரணம் என்ற பத்திக்கு அது போதுமானதாக எனக்குத் தோன்றியது.

யாரிடமும் சொல்லவில்லை, கவனித்தேன். புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தேன். அண்ணி காபி கொண்டுவருவார்; டம்ளரை எந்திரத்தின் பக்கத்தில், அதே மேசையில் வைப்பார்; இரண்டடி நகர்வதற்குள் எண் நிற்கும். அவர் கை பெட்டியைத் தொடவில்லை. ஆனாலும் நின்றது. தொடாமல் எப்படிச் செய்கிறார் என்பதே என் கேள்வியாக இருந்தது. அவர் செய்யவில்லையோ என்ற கேள்வி என்னிடம் எழவில்லை. ‘அ. டம்ளர் வைத்தார். 41306’ என்று எழுதினேன். பெங்களூர் போக ஐந்து நாள் இருந்தது.

மறுநாள் குளித்துவிட்டு வந்தபோது அண்ணி மேசையருகே நின்று என் நோட்டைப் படித்துக்கொண்டிருந்தார். நிதானமாக, ஒவ்வொரு வரியாக.

“இந்த ‘அ’ யாரு? அண்ணனா, அப்பாவா, அண்ணியா?”

நான் ஈரத் தலையைத் துவட்டத் தொடங்கினேன்.

“அண்ணன் இல்லாத நேரத்துலயும் ‘அ’ கீது. அப்பா தறில கீற நேரத்துலயும் ‘அ’ கீது. அப்ப நான்தான்.” நோட்டை மூடி, இருந்த இடத்திலேயே நேராக வைத்தார். “எழுத்து அழகா கீது பாப்பா. கேக்கறதுக்குத்தான் வாய் இல்ல.”

அண்ணன் உள்ளே வந்தான். “இன்னா இங்க பேஜாரு?”

“ஒண்ணும் இல்லீங்க. உங்க மிஷின நான்தான் கெடுக்கறேன்னு உங்க தங்கச்சி எழுதி வச்சிருக்குது. நான் போளூருக்கு இப்பவே பஸ் ஏறலாம். ஏறினா, கெடுத்துட்டு ஓடிட்டான்னு அடுத்த பக்கத்துல எழுதும். அதனால போவல. இன்னைக்கு பூரா இங்கயே உக்காந்துகினு இருக்கேன். எதையும் தொடமாட்டேன். பாப்பா பாத்துகினே இருக்கட்டும்.”

சொன்னபடியே நாற்காலியை மேசைக்கு எதிரே, மூன்றடி தள்ளிப் போட்டு, கைகளை மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்தார். அண்ணன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எண்ணிக்கையைத் தொடங்கினான். அன்று சமையல் என் பொறுப்பாயிற்று. உலையை வைத்துவிட்டு ஓடிவந்து பார்ப்பேன். எண் ஓடிக்கொண்டிருக்கும். அண்ணி அசையாமல் இருப்பார்.

பத்து மணிக்கு மேல் மூவருக்கும் காபி கலந்து கொண்டுவந்தேன். அண்ணியிடம் ஒன்றைக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். அண்ணனுடையதை மேசையில் வைத்தேன். டம்ளர் மரத்தில் பட்ட ஓசை அடங்குவதற்குள் திரை முழுவதும் பொருளற்ற எழுத்துகள் இறைந்தன.



“எழுது பாப்பா,” என்றார் அண்ணி. “இப்ப யாரு பேர எழுதுவ?”

அண்ணனின் கவனம் எங்கள்மேல் இல்லை. டம்ளரை எடுத்து மீண்டும் மேசையில் தட்டினான். எழுத்துகள் மாறின. “அதிருது. உள்ள ஏதோ நகருது,” என்றான். மூடியைக் கழற்றினான். பலகையைப் புரட்டப்போனவனை அண்ணி தடுத்தார்.

“திருப்பாதீங்க. திருப்பித் திருப்பித்தான் பாத்தீங்க, இன்னா கண்டீங்க? இப்பிடியே வெயிலுக்குக் கொண்டாங்க.”

கூரையில் பதித்த கண்ணாடி ஓட்டின் வழியே விழும் வெளிச்சத்துக்குப் பெட்டியைச் சாயாமல் தூக்கிவந்தோம். அண்ணி குனிந்து பார்த்தார்.

“இது இன்னா மின்னுது?”

“ஈயம்மா. பத்தவச்சது.”

“ஈயம் வெள்ளையா மின்னும். இது மஞ்சளா மின்னுது.” விரல் நுனியை நாக்கில் தொட்டு, ஒரு சில்லின் இரண்டு கால்களுக்கு நடுவே ஒற்றி எடுத்தார். கண்ணிமை மயிரைவிடச் சிறிய ஒரு துணுக்கு. ஜரிகை.

வெள்ளிக் கம்பி சுற்றிப் பொன்முலாம் பூசிய இழை. அதில் மின்சாரம் பாயும் என்பதை அண்ணன் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பலகையில் அப்படி ஏழெட்டு இருந்தன. ஒரு சிறு அதிர்விலோ ஃபேன் காற்றிலோ நகர்ந்து, இரண்டு கால்களைத் தொட்டால் போதும். பலகையைப் புரட்டும்போதெல்லாம் அவை கொட்டிப்போயிருக்கின்றன. அதனால்தான் அன்றைக்கு மட்டும் ஓடியிருக்கிறது.

“உங்க வீட்ல சோத்துலயும் இது வருது, தலகாணிலயும் வருது,” என்றார் அண்ணி. “வந்த புதுசுல தலைலேர்ந்து எடுத்து எடுத்து எனக்கு சலிச்சுப்போச்சு. உங்க யாரு கண்ணுக்கும் இது தெரியறதே இல்ல.”

“தறி ரெண்டு ரூமு தள்ளி கீது. கதவு சாத்தியிருக்கு. தினம் தினம் புதுசா இங்க எப்பிடி வரும்?” என்றான் அண்ணன்.

அண்ணி அறையைச் சுற்றிப் பார்த்தார். அவர் பார்வை நாற்காலி முதுகில் மடித்துப் போட்டிருந்த துணியில் நின்றபோது எனக்குப் புரிந்துவிட்டது.

தறியில் ஏற்றிய பாவு நூல் முடியும்போது மிஞ்சும் கடைசி முழத் துணியை, வீட்டுக்கு வரும் புதிய பொருளின்மேல் போர்த்துவது எங்கள் வழக்கம். ரேடியோவுக்கு ஒன்று, டி.வி.க்கு ஒன்று. கம்ப்யூட்டருக்கு புட்டா என்னும் சிறு ஜரிகைப் பூக்கள் நிறைந்த அரக்கு நிறத் துண்டை நானே தேர்ந்தெடுத்தேன். ஒரு புட்டாவிலிருந்து அடுத்ததற்கு அடிப்புறத்தில் ஓடும் ஜரிகையைக் கத்தரித்துவிடுவார்கள். வெட்டிய முனைகள் குட்டை மயிர்போல நீட்டிக்கொண்டிருக்கும். அந்தப் புறம் கீழே இருக்கும்படி, மூடியின் துளைகள்மேல், தூசி விழாதிருக்க, வேலை முடிந்ததும் ஒவ்வொரு நாளும் போர்த்தினேன். காலையில் இழுத்து எடுத்தேன். நான்கு பத்திகளில் எதிலும் அதை நான் எழுதவில்லை. போர்த்துவதும் எடுப்பதும் ஒரு செயலாகவே எனக்குத் தோன்றவில்லை.

அண்ணி எவர்சில்வர் தட்டு ஒன்றைத் தரையில் வைத்து, அதன்மேல் துணியை உதறினார். பொடிப்பொடியாக விழுந்தன.

“நான்தான் போர்த்தினேன்,” என்றேன்.

“தெரியும்,” என்றார். “தினம் பாக்கறேனே. எனக்கு நோட்டு போடத் தெரியல, அவ்ளோதான்.”

சத்தம் கேட்டு வந்த அப்பா, வழக்கம்போல விரலை ஈரமாக்கி, தட்டிலிருந்த துணுக்குகளை ஒற்றி எடுத்துக் கழிவு ஜரிகை டப்பாவில் போட்டார். பிறகுதான் என்ன நடந்தது என்று கேட்டார். அண்ணன் சொன்னான்.

“அப்ப உன் மிஷின் தறிய வுட்டு வரமாட்டேன்னு சொல்லிச்சுடா. உனக்குத்தான் அதும் பாஷை புரியல,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

பலகையைத் தூரிகையால் துடைத்து, துளைகளுக்கு அடியில் கொசுவலைத் துணி ஒட்டினோம். அதற்குப் பிறகும் நான் நம்பவில்லை. வேறொரு காரணமும் உள்ளே ஒளிந்திருக்கலாம் என்று நோட்டுடன் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் காலையில் தொடங்கிய எண்ணிக்கை மாலைவரை நிற்கவில்லை. நடுவில் அண்ணி ஒரு முறை காபி கொண்டுவந்தார். என்னைப் பார்த்துக்கொண்டே டம்ளரை மேசையில் ‘டங்’கென்று வைத்தார். எண் ஓடிக்கொண்டே இருந்தது. இன்னொரு முறை எடுத்து வைத்தார். காபி சிந்தியது. எண் ஓடியது.

அண்ணன் அந்தப் பெட்டியைப் பருத்தி வேட்டியில் சுற்றிக்கொண்டு பெங்களூர் போனான். மூன்றாம் நாள் தந்தி வந்தது: ஓடியது, வேலை கிடைத்தது. அண்ணி அதை இரண்டு முறை படித்துவிட்டுக் கொல்லைப்புறம் போனார். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார். பழுதைக் கண்டுபிடிக்காமல் இருந்திருந்தால் போளூர் ஒரு பஸ் தூரத்திலேயே இருந்திருக்கும் என்பது அவருக்குத் தெரியாததல்ல.

மாசியில் அண்ணன் வந்து அவரை அழைத்துப்போனான். பஸ் நிலையத்தில், அண்ணன் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது, பல நாள் மனத்துக்குள் அடுக்கி வைத்திருந்த வாக்கியத்தைச் சொல்ல வாயெடுத்தேன்.

“அண்ணி, அந்த நோட்டு...”

“அதுவா? என் பையில கீது. பாதி பக்கம் காலியா இருந்துச்சு, எடுத்துகினேன். உங்க அண்ணன் தினம் எத்தினி மணிக்கு வீட்டுக்கு வராருன்னு எழுதப்போறேன்.” பஸ் படியில் ஏறி நின்று திரும்பினார். “காரணத்த மட்டும் அவரையே கேட்டுட்டு எழுதறேன்.”

கண்டக்டர் விசில் கொடுத்தார். “ஜல்தி ஏறும்மா,” என்று யாரோ பின்னாலிருந்து சத்தம் போட்டார்கள். என் வாக்கியம் என்னிடமே இருந்தது.