லிங்கின் வாலில் ஒரு எண்

கொட்டாஞ்சேனையில் அம்மாவோடும் அக்கா யூஜினாவோடும் இருந்த சாமினிக்கு, கணினிப் படிப்பு முடிந்த கையோடு வெள்ளவத்தையில் வேலை கிடைத்தது. காலி வீதியில் ஒரு புடவைக்கடையின் மேல்மாடியில் நாகேந்திரம் என்பவர் திருமணப் பொருத்தம் பார்க்கும் இணையத்தளம் தொடங்கிக்கொண்டிருந்தார். அதை எழுதும் வேலை முழுக்க அவள் தலையில் விழுந்தது.

தளத்தில் ஒவ்வொருவருக்கும் இரண்டு பக்கங்கள். பெயரும் தொழிலும் எல்லாரும் பார்க்கும் பக்கத்தில். நோய், பழைய திருமணம் போன்ற சங்கதிகள் தனிப்பக்கத்தில். உரியவர் சம்மதித்தால்தான் அதன் லிங்க் மறுதரப்புக்குப் போகும். லிங்கின் வாலில் ஒரு கேள்விக்குறியும் அந்த ஆளின் எண்ணும் இருக்கும். தனிப்பக்கம் அந்த எண்ணை வாங்கி, அவருடைய விவரத்தைக் காட்டும். கேட்பவர் யார், அவருக்கு அனுமதி உண்டா என்று மட்டும் அது பார்க்கவில்லை. 214ஐ 215 ஆக்கினால் வேறொருவரின் பக்கம் திறந்துவிடும்.

சாமினி சொல்லிப் பார்த்தாள்.

"சேர், ரெண்டு நாள் தாங்கோ. இதைச் சரியாக்கிப்போட்டுத் திறப்பம்."

"ஆர் பிள்ளை உந்த நம்பரை மாத்திப் பாக்கப்போகினம்? பேப்பரில விளம்பரமும் குடுத்திட்டன். பிறகு செய்வம். முதல்ல ஆக்களைச் சேருங்கோ. உங்கட வீட்டில ஒருத்தரும் இல்லையோ?"

வீட்டில் யூஜினா இருந்தாள். அவளைப் பதிவுத் திருமணம் முடித்த கையோடு இத்தாலிக்குப் போன ஒருவன் திரும்பவேயில்லை. மாதா கோயிலில் கலியாணம் நடக்கவில்லை. விவாகரத்தும் சத்தமில்லாமல் முடிந்ததால் ஊருக்குத் தெரியாது.

"அதையும் எழுதத்தான் வேணுமா?" என்று யூஜினா கேட்டாள்.

"எழுது அக்கா. நீ ஓம் எண்டு சொல்லாம ஒருத்தரும் பாக்க ஏலாது."

சொல்லும்போதே அது பொய் என்று சாமினிக்குத் தெரியும். யாரும் கவனிக்குமுன் திருத்திவிடலாம் என்று நினைத்தாள். தளம் திறந்தபின் நாகேந்திரம் புதிது புதிதாக வேலை கொடுத்துக்கொண்டேயிருந்தார். அந்த 'பிறகு' வரவேயில்லை.

மட்டக்குளியிலிருந்து மெல்ரோய் என்பவனின் சம்பந்தம் யூஜினாவுக்கு வந்தது. இருவரும் இரண்டு முறை சந்தித்தார்கள். யூஜினா வீட்டில் பாட்டு முணுமுணுக்கத் தொடங்கினாள். அடுத்த சந்திப்பில் பழைய கதையைத் தன் வாயாலேயே சொல்லிவிடுவதென்று முடிவெடுத்திருந்தாள்.

அதற்குள் மெல்ரோயின் அண்ணன் மனைவியான மச்சாள் முந்திவிட்டாள். தன் தம்பிக்காக வந்த ஒரு லிங்கில் விளையாட்டாக எண்ணை மாற்றிப் பார்த்தவளுக்கு ஆள் ஆளாகத் திறந்தது. யூஜினாவின் பக்கமும் திறந்தது. அந்தப் பக்கத்தின் படம் குடும்ப வட்ஸ்அப் குழுவுக்கும், அங்கிருந்து கோயில் குழுவுக்கும் போனது.

மெல்ரோய் யூஜினாவுக்குப் போன் எடுத்தான். "எனக்கெண்டா ஒண்டுமில்ல. அம்மாதான் அழுறா. நீங்க முதலே சொல்லியிருக்கலாம்."

"நானே சொல்லத்தான் இருந்தன்," என்றாள் யூஜினா. அவன் ஏற்கெனவே வைத்துவிட்டான்.

மறுநாள் சாமினி ஒரே பகலில் பிழையைத் திருத்தினாள். திருத்தி முடித்ததும் நாகேந்திரம் அவளைக் கூப்பிட்டு இனி வரவேண்டாம் என்றார். "ஊழியர் ஒருவரின் கவனக்குறைவு, அவர் நீக்கப்பட்டுள்ளார்" என்ற அறிவித்தல் அன்று மாலையே தளத்தில் ஏறியது.

வீட்டில் யூஜினா குசினிக் கதவருகே நின்றாள்.

"எண்ணை மாத்தினா திறக்கும் எண்டு உனக்கு முதலே தெரியுமா?"

"சேரிட்ட சொன்னனான் அக்கா. அவர்தான்..."

"நான் அவரைக் கேக்கேல்ல. என்னட்ட சொல்லேக்குள்ள உனக்குத் தெரியுமா?"

"ஓம்."

அடுத்த மாதம் யூஜினா பாமன்கடையில் ஒரு அறை எடுத்துப் போய்விட்டாள். அம்மாவுக்கு நாள்தோறும் போன் எடுப்பாள். மறுமுனையில் சாமினி என்றால், "அம்மாட்ட குடு" என்பாள். அவ்வளவுதான்.